மூடிய படமாளிகை மீண்டும் திறந்தது: வால்தம்ஸ்டோ கிரனாடா நமக்குச் சொல்லும் செய்தி

(பார்க்கிங்கில் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கூடிய நிகழ்வொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2025ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள், கிழக்கு இலண்டனின் வால்தம்ஸ்டோ நகரில், ஹோ வீதியில் அமைந்துள்ள பழைய கிரனாடா படமாளிகையின் அரங்கம் பொதுமக்களுக்காக மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வரங்கில் இறுதியாகத் திரைப்படம் ஓடியது 2003ஆம் ஆண்டின் தொடக்கத்தில். இடைப்பட்ட 22 ஆண்டுகளில், அக்கட்டிடம் மீளாது என்று பலர் பலமுறை முடிவுகட்டியிருந்தனர். இன்று அது "சோஹோ தியேட்டர் வால்தம்ஸ்டோ" என்ற பெயரில், ஏறத்தாழ 960 இருக்கைகளுடன், நகைச்சுவை, நாடகம், இசை ஆகியவற்றுக்கான அரங்கமாக இயங்குகின்றது.

பார்க்கிங் நிலையத்தில் ஓவர்கிரவுண்ட் தொடருந்தில் ஏறுபவர், எங்கும் மாறி ஏறாமல் வால்தம்ஸ்டோ குயின்ஸ் ரோட் நிலையத்தில் இறங்கி, நடந்தே அக்கட்டிடத்தை அடையலாம். இத்துணை அருகில் நடந்த ஒரு மீட்பு வரலாறு நம் வீடுகளில் பேசப்படவில்லை. இது எவ்வாறு நிகழ்ந்தது, பார்க்கிங்கில் ஏன் நிகழவில்லை, புலம்பெயர்ந்த தமிழர் இதிலிருந்து கற்க வேண்டியவை எவை என்பனவே இவ்வுரையின் பொருளாகும்.

பார்க்கிங் இழந்த ரியோ

பார்க்கிங் நிலையத்துக்கு அண்மையில், லோங்பிரிட்ஜ் வீதியில், 1935ஆம் ஆண்டு ரியோ என்ற பெயரில் ஒரு படமாளிகை திறக்கப்பட்டது. 2,000க்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய பெருமண்டபம் அது. அதனை வடிவமைத்தவர் ஜோர்ஜ் கோல்ஸ். இலண்டனில் பல படமாளிகைகளை எழுப்பிய புகழ்பெற்ற கட்டிடக் கலைஞர் அவர். சில ஆண்டுகளிலேயே ரியோ, ஓடியன் நிறுவனத்தின் கைக்கு மாறியது. பின்னர் பார்வையாளர் தொகை குறையக் குறைய, அப்பெருமண்டபம் பல சிறு திரைகளாகத் துண்டாடப்பட்டது. 1998இல் மூடப்பட்டது. பின்னர் இடிக்கப்பட்டது.

1980களிலும் 1990களிலும் இப்பகுதியில் குடியேறிய நம்மவர் சிலர், வேலை முடிந்த களைப்போடு அந்த ஓடியனைக் கடந்து நடந்திருப்பர். பிள்ளைகளை அங்கே ஆங்கிலப் படம் பார்க்க அழைத்துச் சென்றோரும் உண்டு. இன்று அவ்வீதியில் நடக்கும் இளையோருக்கு அப்படி ஒன்று இருந்த சுவடும் தெரியாது.

இங்கே ஒரு சிறு வேடிக்கையையும் குறிப்பிடலாம். நம் ஊரின் பெயரைத் தமிழில் எழுதினால் வாகனத் தரிப்பிடத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகவும் அது ஒலிக்கின்றது. பார்க்கிங்கின் படமாளிகையை வீழ்த்தியதில் வாகனத் தரிப்பிடத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஏ13 பெருந்தெருவோரம் ஜென்கின்ஸ் லேனில், நூற்றுக்கணக்கான கார்களை நிறுத்தக்கூடிய வெளியுடன் ஒரு பன்திரை வளாகம் எழுந்தது. ஊர் நடுவே நின்ற பழைய மாளிகையால் அதனோடு போட்டியிட இயலவில்லை.

வீழ்ச்சியின் காரணங்கள்

இவ்வீழ்ச்சி பார்க்கிங்குக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியாவில் 1946ஆம் ஆண்டு விற்பனையான படமாளிகை நுழைவுச்சீட்டுகள் ஏறத்தாழ 163.5 கோடி. குழந்தை முதல் முதியவர் வரை ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 30 தடவைக்கு மேல் படம் பார்த்தார்கள் என்பது இதன் பொருள். 1984இல் அத்தொகை ஏறத்தாழ 5.4 கோடியாகச் சுருங்கியது. முப்பது பேர் வந்த இடத்துக்கு ஒருவர் வந்த நிலை அது.

முதற்காரணம் தொலைக்காட்சி. 1953இல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவைக் காண்பதற்காகவே பல குடும்பங்கள் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கின. 1955இல் வணிகத் தொலைக்காட்சியும் தொடங்கியது. இரண்டாவது காரணம், 1960இல் இயற்றப்பட்ட பந்தய, சூதாட்டச் சட்டம். அது பிங்கோ ஆட்டக் கூடங்களுக்கு வழி திறந்துவிட, வெறிச்சோடிய படமாளிகைகள் பல பிங்கோ கூடங்களாயின. மூன்றாவது காரணம், 1970களில் உரிமையாளர்கள் கையாண்ட துண்டாடல். பல்கனிக்குக் கீழே சுவர் எழுப்பி, அதன் பின்னால் இரு சிறு திரைகளை அமைத்து, மேல்மாடத்தில் இருப்போருக்கு மட்டும் பழைய பெருந்திரையை விட்டுவைப்பதே அம்முறை. வருமானம் சிறிது கூடியது. ஆனால் மக்கள் எதை வியந்து வந்தார்களோ, அந்த விரிந்த மண்டபம் கண்ணில் இருந்து மறைந்தது. நான்காவது காரணம், 1985இல் மில்டன் கீன்ஸ் நகரில் திறக்கப்பட்ட நாட்டின் முதற் பன்திரை வளாகமும், அதனைப் பின்பற்றி ஊருக்கு வெளியே எழுந்தவையும் ஆகும்.

பன்திரை வளாகங்கள் வந்தபின் படம் பார்ப்போர் தொகை மீண்டும் ஏறியது என்பதை இளையோர் கவனிக்க வேண்டும். ஆகவே, மக்கள் திரைப்படத்தை வெறுத்ததனால் பழைய மாளிகைகள் மாண்டன என்று கூறுவது பொருந்தாது. கட்டிடத்தைப் பேணும் செலவும், அதில் இருந்து வரும் வருவாயும் ஒன்றுக்கொன்று ஒவ்வாது போனமையே அவற்றின் முடிவுக்குக் காரணமாயிற்று. இவ்வுண்மையை மனத்தில் இருத்தினால்தான் வால்தம்ஸ்டோவில் நடந்தது விளங்கும்.

கிரனாடா எழுந்த கதை

ஹோ வீதியில் அதே இடத்தில் 1887இல் விக்டோரியா மண்டபம் என்ற பொதுமண்டபம் எழுந்தது. 1907இல் அது நிரந்தரமாகப் படம் காட்டும் கூடமாக மாறியது. அதனை அகற்றிவிட்டு, 1930ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் நாள் கிரனாடா படமாளிகை திறக்கப்பட்டது. உரிமையாளர் சிட்னி பேர்ன்ஸ்டைன், பின்னாளில் கிரனாடா தொலைக்காட்சியை நிறுவியவர். கட்டிடத்தை வரைந்தவர் செசில் மேசி. உள்ளலங்காரம் தியடோர் கொமிசார்ஜெவ்ஸ்கியின் கைவண்ணம்.

கொமிசார்ஜெவ்ஸ்கி, உருசிய நாடக உலகில் இயக்குநராகப் பெயர் பெற்று, புரட்சிக்குப் பின் புலம்பெயர்ந்து பிரித்தானியாவுக்கு வந்தவர். தாம் விட்டு வந்த உலகின் நாடக நுணுக்கத்தை, இலண்டன் தொழிலாளர்கள் சில பென்ஸ் கொடுத்து நுழையும் படமாளிகைகளில் அவர் பதித்தார். ஸ்பெயின் நாட்டின் கிரனாடா நகரில் உள்ள அல்ஹம்ரா அரண்மனையை நினைவூட்டும் வளைவுகளும், வண்ண வேலைப்பாடுகளும், கண்ணாடிகளும் வால்தம்ஸ்டோவின் உட்புறத்தை நிறைத்தன. மறு ஆண்டு, 1931இல், அவர் டூட்டிங்கில் உருவாக்கிய கிரனாடா, பின்னர் முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வால்தம்ஸ்டோ கிரனாடா இரண்டாம் தரத்தின் உடுக்குறிப் பிரிவில் உள்ளது. ஒரு ஏதிலியின் கைவேலை இந்நாட்டின் தேசியச் செல்வமாகப் போற்றப்படுகின்றது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

ஏறத்தாழ 2,700 பேர் அங்கே ஒரே வேளையில் அமர்ந்து படம் பார்த்தனர். கிறிஸ்டி நிறுவனத்தின் குழல் ஆர்கன் ஒன்று அங்கே ஒலித்தது. திரைப்படத்தோடு இசை நிகழ்ச்சிகளும் நடந்தன. பீட்டில்ஸ் குழுவினர் 1963இலும் 1964இலும் அம்மேடையில் பாடினர். 1970களில் அம்மண்டபமும் மூன்று திரைகளாகப் பிரிக்கப்பட்டது. பின்னர் நிறுவனங்கள் பல கைமாறி, இறுதி ஆண்டுகளில் இ.எம்.டி. என்ற பெயரில் இயங்கியது. அக்காலத்தில் இந்திப் படங்களும் அங்கே திரையிடப்பட்டன. தெற்காசிய மக்களே அதன் கடைசிப் பார்வையாளருள் ஒரு பகுதியினராய் இருந்தனர்.

22 ஆண்டுப் போராட்டம்

2003இல் அக்கட்டிடத்தை யுனிவர்சல் சர்ச் ஆஃப் த கிங்டம் ஆஃப் கோட் என்ற கிறித்தவச் சபை வாங்கியது. அதனை வழிபாட்டிடமாக மாற்ற அனுமதி கோரியது. வால்தம் ஃபாரஸ்ட் நகரசபை மறுத்தது. அனுமதி இல்லாத நிலையில் கட்டிடம் பூட்டியே கிடந்தது. கூரை ஒழுகும் பழைய கட்டிடத்தைப் பூட்டி வைத்தால் ஒவ்வொரு மழைக்காலமும் அதன் ஆயுளில் ஒரு பங்கைக் கரைத்துவிடும். சபை மீண்டும் விண்ணப்பித்தது. 2011இல் நகரசபை மீண்டும் மறுத்தது. மேன்முறையீடு பொது விசாரணைக்குச் சென்றது. 2013இல் அமைச்சர் மட்டத்திலும் அனுமதி மறுக்கப்பட்டது. 2014இல் கட்டிடம் ஒரு மதுபானக் கூட நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, முன்மண்டபம் மட்டும் மக்களுக்குத் திறந்தது. 2019இல் நகரசபையே கட்டிடத்தை வாங்கியது. சோஹோ தியேட்டர் என்ற அனுபவமிக்க நாடக நிறுவனத்தை நடத்துநராக அமர்த்தி, ஏறத்தாழ 3 கோடி பவுண் செலவில் புனரமைத்தது.

இவ்வளவு காலமும் இதனைக் கைவிடாது காத்தோர் உள்ளூர் மக்கள். மக்கபின் திரைப்படச் சங்கம் என்ற சிறு இரசிகர் அமைப்பும், பின்னர் எழுந்த வால்தம் ஃபாரஸ்ட் சினிமா அறக்கட்டளையும் இதில் முன்னின்றன. அவர்கள் பேரணி நடத்தினர், கையெழுத்துத் திரட்டினர். ஆனால் அத்தோடு நின்றிருந்தால் தோற்றிருப்பர். "இக்கட்டிடத்தை மீண்டும் கலை, கேளிக்கை அரங்காக நடத்த இயலும். அதற்கு நடத்துநர் உளர், கணக்கு உண்டு" என்று காட்டுவதற்கு அவர்கள் உழைத்தனர். ஒரு விசாரணையில் உணர்ச்சிக்கு ஓரளவே இடம் உண்டு. மாற்றுத் திட்டம் ஒன்று மேசைமேல் இருந்தால்தான் "இதனை வேறு எவரும் நடத்த மாட்டார்கள்" என்ற வாதம் உடையும்.

பார்க்கிங் ரியோவுக்கும் வால்தம்ஸ்டோ கிரனாடாவுக்கும் இடையே இருந்த வேறுபாட்டை இப்போது வரிசைப்படுத்தலாம். கிரனாடாவுக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தது. அதனைச் சுற்றி ஓர் அமைப்பாகத் திரண்ட மக்கள் இருந்தனர். நம்பத்தகுந்த பயன்பாட்டுத் திட்டம் இருந்தது. இறுதியில் பணம் இடத் துணிந்த நகரசபையும் அமைந்தது. இந்நான்கில் ஒன்று குறைந்திருந்தாலும் மீட்பு ஐயத்திற்குரியதே.

வழிபாட்டிடம் ஆவது தவறா?

இவ்விடத்தில் நேர்மையாக ஒரு வினாவை எதிர்கொள்ள வேண்டும். நம் சமூகத்தவர் இந்நாட்டில் எழுப்பிய ஆலயங்கள் பல, பிறர் கைவிட்ட கட்டிடங்களில் தோன்றியவை. விம்பிள்டன் பிள்ளையார் கோயில் முன்னர் ஒரு கிறித்தவச் சபையின் மண்டபம். ஈலிங் கனகதுர்க்கை அம்மன் ஆலயமும் முன்னைய கிறித்தவ ஆலயக் கட்டிடத்திலேயே அமைந்தது. அவ்வாறு இருக்க, ஒரு கிறித்தவச் சபை படமாளிகையை வாங்கியதை நாம் குறை கூறலாமா?

குறை கூற வேண்டியதில்லை. வூலிச்சில் 1937இல் எழுந்த கிரனாடா இன்று ஒரு கிறித்தவச் சபையின் கையிலேயே நல்ல நிலையில் நிற்கின்றது. டூட்டிங் கிரனாடாவைப் பல்லாண்டுகள் பிடித்துவைத்தது பிங்கோ ஆட்டமே. பயன்பாட்டில் இருக்கும் கட்டிடம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வால்தம்ஸ்டோவில் எழுந்த வழக்கு வேறு. அந்நகரில் அப்போது வேறு படமாளிகையே இல்லை. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஒரு நிருவாகப் பிரிவில், சமய வேறுபாடின்றி அனைவரும் கூடக்கூடிய ஒரு பெருமண்டபத்தை ஒரு சபைக்கு மட்டும் விட்டுக்கொடுக்கலாமா என்பதே அங்கு எழுந்த வினா. அச்சபையினரின் நம்பிக்கையைப் பழிக்காமலே அவ்வினாவுக்கு "கூடாது" என்று விடை கூற இடம் இருந்தது.

மற்றொரு வினாவும் உண்டு. நூலகங்களும் இளையோர் நிலையங்களும் நிதியின்றித் தவிக்கும் காலத்தில், ஓர் அரங்குக்கு 3 கோடி பவுண் தேவையா? இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. அரங்கம் வருமானம் ஈட்டும், வீதியின் கடைகள் பயனடையும், உள்ளூர் இளையோர்க்குத் தொழில் கிட்டும் என்பது நகரசபையின் நம்பிக்கை. அந்நம்பிக்கை மெய்ப்படுமா என்பது வரும் ஆண்டுகளில்தான் தெரியும். வரி செலுத்தும் மக்கள் அதனைக் கண்காணிக்க வேண்டும். அரங்கம் கட்டப்பட்டதோடு கடமை முடிந்தது என்று எவரும் எண்ணிவிடலாகாது.

சவுத்தோலின் பாடம்

தெற்காசிய மக்களே ஒரு பழைய படமாளிகையை மீட்டெடுத்த வரலாறும் இலண்டனில் உண்டு. சவுத்தோலில், 1929இல், சீனக் கோயிலின் கூரையும் டிராகன் உருவங்களும் கொண்ட பேலஸ் படமாளிகை எழுந்தது. அதனை வடிவமைத்தவரும் பார்க்கிங் ரியோவின் அதே ஜோர்ஜ் கோல்ஸ்தான். 1970களில் அது லிபேர்ட்டி என்ற பெயரில் இந்திப் படங்களின் இல்லமாக விளங்கியது. வீடியோ நாடாக்கள் வீட்டுக்கு வீடு புகுந்த காலத்தில், 1982இல் மூடப்பட்டு, உள்ளரங்கச் சந்தையாயிற்று. பின்னர் புனரமைக்கப்பட்டு, 2001இல் ஹிமாலயா பேலஸ் என்ற பெயரில் மூன்று திரைகளுடன் மீண்டும் திறந்தது. வண்ணம் தீட்டப்பட்ட டிராகன்கள் மீண்டும் வீதியை நோக்கின. ஆனால் 2010இல் அதுவும் மூடப்பட்டது. கட்டிடம் நின்றது, படமாளிகை நிலைக்கவில்லை.

ஒரே வகைப் படத்தை மட்டும் நம்பிய மாளிகையால், அதே படங்கள் பன்திரை வளாகங்களில் வெளியானபோது தாங்க இயலவில்லை என்பதை இவ்வரலாற்றில் இருந்து ஊகிக்கலாம். ரஜினிகாந்த் படத்தின் முதல் நாளில் மண்டபம் நிரம்புவது எளிது. பெப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை மாலையில் மண்டபத்தைச் சூடேற்றும் செலவை ஈடுசெய்வது எவ்வாறு என்பதே உண்மையான தேர்வு.

இதற்கு விடை கண்டவர்கள் டால்ஸ்டன் மக்கள். அங்குள்ள படமாளிகையின் பெயரும் ரியோவே. பார்க்கிங் ரியோ மறைந்தது, டால்ஸ்டன் ரியோ வாழ்கின்றது. 1970களின் இறுதியில் இருந்து அது இலாப நோக்கற்ற சமூகப் படமாளிகையாக நடத்தப்படுகின்றது. அப்பகுதியில் குடியேறிய துருக்கிய, குர்திய மக்கள் தங்கள் திரைப்பட விழாக்களை அங்கே நடத்தினர். சிறு தொகையினரான ஏதிலி மக்கள், ஒரு பொதுமண்டபத்தைத் தமதாக்கிக்கொள்ளாமலே அதில் தம் மொழிக்கு ஓர் இடத்தைப் பெற்றுக்கொண்டனர்.

தமிழர் மண்ணில்

தமிழர் மண்ணிலும் இதே கதை நடந்திருக்கின்றது. திருச்சிராப்பள்ளியில் தொடருந்து அலுவலராய் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் படமாளிகையை நிறுவினார். படமாளிகை மறைந்துவிட்டாலும் அவ்வீதியின் பெயராக அது நின்றுவிட்டது. மதுரையில் 1952ஆம் ஆண்டுத் தீபாவளியன்று, "பராசக்தி" திரைப்படத்துடன் திறந்த தங்கம் தியேட்டர், 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகளுடன் ஆசியாவிலேயே பெரியது எனப் போற்றப்பட்டது. இன்று அவ்விடத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடை நிற்கின்றது. சென்னை அண்ணா சாலையில் 1913இல் எழுந்த எலெக்ட்ரிக் தியேட்டர் மட்டும் விதிவிலக்கு. அஞ்சல் துறையின் கைக்கு வந்ததால் அதன் முகப்பு பிழைத்து, தபால்தலைச் சேகரிப்பாளர்க்கான நிலையமாயிற்று.

யாழ்ப்பாணத்தில் ராணி, ரீகல், வெலிங்டன், வின்ட்சர், மனோகரா, ராஜா, சிறீதர், லிடோ எனப் பெயர் சொல்லும்போதே இங்கு அமர்ந்திருக்கும் பெரியோர் பலரின் முகம் மலரும். கலரிச் சீட்டுக்காக வெயிலில் வரிசையில் நின்றதையும், படம் முடிந்து மிதிவண்டியில் இருவராக ஊர் திரும்பியதையும் அவர்கள் இன்றும் கூறுவர். அம்மாளிகைகளின் வீழ்ச்சிக்குத் தொலைக்காட்சி மட்டும் காரணமன்று. 1990இல் இருந்து பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரமே இருக்கவில்லை. கோட்டையைச் சூழ்ந்த பகுதி போரில் தரைமட்டமானது. மாளிகைகளுள் சில மீண்டும் இயங்கின, சில வேறு பயன்பாட்டுக்குச் சென்றன, சிலவற்றின் சுவரும் எஞ்சவில்லை. இங்கிலாந்தில் ஒரு படமாளிகை மூடப்படும்போது விண்ணப்பம் உண்டு, அறிவித்தல் உண்டு, மேன்முறையீடு உண்டு. நம் மண்ணில் அழிந்தவற்றுக்கு அத்தகைய விசாரணை எதுவும் நடைபெறவில்லை. அதனாலேயே, கிடைத்துள்ள உரிமையின் அருமை நமக்கு மற்றவரை விடக் கூடுதலாகத் தெரிய வேண்டும்.

மீட்பு என்பது எத்தகைய வேலை

பொறியியல், கட்டிடக்கலை பயிலும் இளையோர்க்காக இப்பகுதி. பழைய படமாளிகையைத் திருத்துவது வண்ணம் பூசுவதோடு முடிவதில்லை. முதலில் கூரையும் மழைநீர்க் குழாய்களும். நீர் உட்புகுவதை நிறுத்தாமல் உள்ளே செய்யும் எந்த வேலையும் வீண். அடுத்து, நார் கலந்த சாந்தினால் ஆன மேற்கூரை அலங்காரம். அது மரச்சட்டங்களில் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் பிணைப்புகள் வலுவிழந்தால் பார்வையாளரின் தலைமேல் விழும். ஆகவே ஒவ்வொரு பிணைப்பையும் மேலிருந்து ஆராய்தல் வேண்டும். பின்னர் கல்நார் அகற்றல், மின்கம்பிகளை முழுமையாக மாற்றல், காற்றோட்டம், தீப்பாதுகாப்பு, சக்கர நாற்காலியில் வருவோர்க்கான பாதையும் மின்தூக்கியும். 1930களின் பெயிண்ட் எந்நிறம் என்று அறிவதற்குச் சுவரின் சிறு பகுதியைச் சுரண்டி, படலம் படலமாக நுண்ணோக்கியில் பார்ப்பர். 1970களில் எழுப்பிய பிரிப்புச் சுவர்களை அகற்றும்போது, அவற்றின் பின்னால் மூல வேலைப்பாடு சேதமின்றி மறைந்திருப்பதும் உண்டு.

2,700 இருக்கைகள் கொண்ட மண்டபம் ஏன் 960 இருக்கைகளுடன் திறந்தது என்று சிலர் கேட்கலாம். இன்றைய பாதுகாப்பு விதிகள், கால் நீட்டும் இடைவெளி, மேடைக்குத் தேவையான பரப்பு என்பன ஒருபுறம். இன்றைய நகைச்சுவை நிகழ்ச்சிக்கோ நாடகத்துக்கோ வரக்கூடிய கூட்டம் எவ்வளவு என்ற கணக்கு மறுபுறம். பழைய அளவைப் பிடிவாதமாகக் கேட்டிருந்தால் மண்டபம் திறந்திருக்காது.

நாம் செய்யக்கூடியவை

1. அறிவித்தல்களைப் படியுங்கள். விளக்குக் கம்பத்தில் கட்டப்படும் திட்ட விண்ணப்ப அறிவித்தலும், நகரசபையின் இணையப்பக்கமும் அனைவர்க்கும் பொதுவானவை. கருத்துக் கூறுவதற்கு வழக்கமாக 21 நாட்கள் கிடைக்கும். ஆங்கிலம் தடையாக இருக்கும் பெற்றோருக்குப் பிள்ளைகள் வாசித்துச் சொல்லட்டும். தமிழ்ப் பள்ளியில் ஒரு வகுப்பு நேரம் இதற்குப் போதும்.

2. கருத்து எழுதும்போது, திட்டச் சட்டம் கவனத்தில் கொள்ளும் காரணங்களை எழுதுங்கள். பொதுவசதி இழக்கப்படுதல், மரபுக் கட்டிடத்தின் தன்மை கெடுதல், போக்குவரத்து, இரைச்சல் ஆகியன எடுபடும். "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்பது எடுபடாது.

3. 2011ஆம் ஆண்டின் உள்ளூர்மயச் சட்டம், மக்கள் மதிக்கும் கட்டிடத்தைச் "சமூகப் பெறுமதிச் சொத்து" எனப் பட்டியலிட நகரசபையைக் கேட்கும் உரிமையை இங்கிலாந்து மக்களுக்கு அளித்தது. அச்சட்டம் வகுத்த முறைப்படி, உரிமையாளர் விற்க முற்பட்டால், உள்ளூர் அமைப்பு ஒன்று ஆறு வாரங்களுக்குள் ஆர்வம் தெரிவித்து, ஆறு மாதம் வரை பணம் திரட்ட அவகாசம் பெறலாம். இவ்வுரிமையை விரிவாக்கும் மாற்றங்களும் பின்னர் முன்வைக்கப்பட்டன. விண்ணப்பிக்குமுன் அந்நேரத்து விதியை நகரசபையிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

4. துணை தேடுங்கள். 1967இல் தொடங்கிய சினிமா தியேட்டர் அசோசியேஷன், 1976இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த தியேட்டர்ஸ் டிரஸ்ட் ஆகியன இத்துறையில் ஆலோசனை கூறும் அமைப்புகள். தனியே போராடி ஓய்வதை விட அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவது பயன் தரும்.

5. நினைவுகளைப் பதிவுசெய்யுங்கள். பெற்றோரும் பாட்டன் பாட்டியும் ஊரில் பார்த்த முதற் படம், படமாளிகையின் பெயர், சீட்டு விலை, சென்ற வழி ஆகியவற்றைப் பேரப்பிள்ளைகள் கைபேசியில் ஒலிப்பதிவு செய்யலாம். பழைய நுழைவுச்சீட்டு, பட விளம்பரத் தாள், புகைப்படம் இருந்தால் மின்வருடி எடுத்து, 2005இல் இருந்து ஈழத்து ஆவணங்களைச் சேமித்துவரும் நூலகம் போன்ற எண்ணிம நூலகத்துக்கு அளிக்கலாம். இதற்கு நகரசபையின் அனுமதியும் வேண்டாம், 3 கோடி பவுணும் வேண்டாம்.

6. மீண்ட அரங்கங்களுக்குச் செல்லுங்கள். மக்கள் வராத அரங்கம் இரண்டாம் முறையும் மூடப்படும் என்பதைச் சவுத்தோல் காட்டியது. நம் இளையோரில் நடனம், நாடகம், குறும்படம் செய்வோர் உளர். ஆண்டுக்கு ஒரு நாள் ஒரு பாடசாலை மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நமக்குள்ளேயே கைதட்டிக்கொள்வதோடு அமையாமல், இத்தகைய பொது அரங்குகளின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களை அணுகித் தமிழுக்கு ஒரு மாலையைக் கேட்கலாம். குர்திய மக்கள் கேட்டனர், பெற்றனர்.

நிறைவாக

அவையோரே, இந்நாட்டில் நம் சமூகம் வீடு வாங்கியது, கடை திறந்தது, கோயில் எழுப்பியது, பள்ளி நடத்தியது. இவை அனைத்தும் நமக்கென நாம் செய்தவை. அயலவரோடு சேர்ந்து ஊருக்கென ஒன்றைக் காப்பதில் நம் பங்கு இன்னும் சிறிதே. வால்தம்ஸ்டோவில் 22 ஆண்டுகள் அயராது நின்றவர்களுள் பலர், தொடங்கியபோது இளையோராய் இருந்து, கதவு திறந்தபோது நரைத்த தலையோடு நின்றனர். அத்தகைய பொறுமையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் பெற்றோரின் கடனே.

பார்க்கிங் ரியோவை மீட்க இனி வழியில்லை. ஆயினும் பார்க்கிங்கிலும், ஈஸ்ட்ஹாமிலும், இல்போர்டிலும் பழைய மண்டபங்கள் இன்னும் நிற்கின்றன. அடுத்த முறை அவற்றுள் ஒன்றின் வாயிலில் அறிவித்தல் தாள் ஒட்டப்படும்போது, அதனை நின்று வாசிக்கும் முதல் ஆள் இந்த அவையில் இருந்து செல்லும் ஓர் இளைஞனாகவோ இளம்பெண்ணாகவோ இருக்கட்டும். விரும்பும் பெற்றோர் வரும் விடுமுறையில் பிள்ளைகளை ஹோ வீதிக்கு அழைத்துச் சென்று, கொமிசார்ஜெவ்ஸ்கியின் மண்டபத்தை நேரில் காட்டுங்கள்.